எர்ரர் கோடு என்பது தீர்ப்பு அல்ல!

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் இன்ஜினுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் வந்த ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கு மானிட்டரும் கீபோர்டும் கிடையாது, அவ்வளவுதான். அந்தக் கம்ப்யூட்டர் சொன்னதை நான் தப்பாகப் புரிந்து கொண்டு 16,600 ரூபாயைத் தொலைத்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

என் பெரியப்பா ஆசையாக வைத்திருந்த கார் அது. 2005-ம் ஆண்டு மாடல், 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். கம்பெனி பெயர் வேண்டாம். இருபது வயதான எந்தக் காரும் இப்படித்தான் மக்கர் செய்யும். பெரியப்பா காலமான பிறகு நான்கு வருடம் கோவையில் வீட்டு ஷெட்டிலேயே நின்றது. ஒருநாள் பெரியம்மா, "ஓட்டறதுன்னா எடுத்துக்கடா கண்ணு. இல்லீன்னா காயலான் கடைக்குப் போட்டுரு. தெனமும் அதப் பாத்துட்டு இருக்க முடியல" என்றார். எடுத்துக் கொண்டேன்.

புது பேட்டரி, புது இன்ஜின் ஆயில், புது பெட்ரோல் எல்லாம் போட்டதும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகி விட்டது. ஆனால் நிற்கும்போது ஆர்பிஎம் முள் ஏறி ஏறி இறங்கியது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் வேகம் வரவில்லை. பின்னால் கரும்புகைதான் வந்தது. டாஷ்போர்டில் 'செக் இன்ஜின்' விளக்கு எரிந்தது.

லேப்டாப்பும் ஒரு கேபிளும்

கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின்கள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். இதற்கு ஓபிடி சாக்கெட் என்று பெயர். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இது கட்டாயமாக்கப்பட்டது. நம் நாட்டில் ஓபிடி-2 கட்டாயமானது 2013-ல்தான். ஆனாலும் ஐரோப்பிய டிசைனில் வந்த பழைய கார்கள் பலவற்றில் அதற்கு முன்பே இந்தச் சாக்கெட் உண்டு.

ஒரு யூஎஸ்பி கேபிள் வாங்கி என் பழைய லேப்டாப்பில் இணைத்தேன். இந்த மாதிரிக் கேபிளை இணைத்ததும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'போர்ட்ஸ்' என்ற தலைப்பின் கீழ் எந்த காம் போர்ட் எண் வந்திருக்கிறது என்று பாருங்கள். அதே எண்ணை சாஃப்ட்வேரிலும் தர வேண்டும். பாதிப் பேர் "கேபிள் வேலை செய்யவில்லை" என்று சொல்வது இந்த எண் பொருந்தாததால்தான். இன்னொன்று. மலிவான கேபிளுடன் வரும் சிடியில் கிராக் செய்யப்பட்ட சாஃப்ட்வேர் இருக்கும். அதை உங்கள் கம்ப்யூட்டரில் போடாதீர்கள். காரைச் சரி செய்யப் போய் கம்ப்யூட்டருக்கு வைரஸ் வாங்கிக் கொள்வானேன்?

இணைப்பு கிடைத்தது. திரையில் ஒரே ஒரு கோடு வந்தது: பி0171.

முதல் எழுத்தான 'பி' இன்ஜினும் கியரும் சேர்ந்த பகுதியைக் குறிக்கும். அடுத்த '0' என்றால் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான கோடு. '1' என்றால் பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனியின் சொந்தக் கோடு. பி0171 என்பதற்கு 'கலவையில் பெட்ரோல் குறைவு' என்று பொருள். சைலன்சர் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார்தான் இதைக் கண்டுபிடித்துச் சொல்கிறது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆக்சிஜன் சென்சார் போய் விட்டது என்று முடிவு கட்டி 7,200 ரூபாய்க்குப் புதிது வாங்கி மாட்டினேன். கோடை அழித்தேன். இரண்டே நாளில் அதே கோடு திரும்ப வந்தது. அடுத்து, உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் மேல் சந்தேகம் வந்தது. 9,400 ரூபாய். மறுபடியும் அதே கோடு!

பிறகு ஒரு பெரிய ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு போனேன். பெரிய ஸ்கேனரை மாட்டிப் பத்து நிமிடம் பார்த்து விட்டு, "டர்போ போயிடுச்சு சார். 92,000 ஆகும்" என்றார்கள். காரின் விலையே அவ்வளவு இருக்குமா என்பது சந்தேகம். பெரியம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக் கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

டர்போ என்றால் என்ன?

இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை வீணாகத்தான் போகிறது. அந்தப் புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரிக்கலாம், சக்தி கூடும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூச்சி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். விற்பனைக்கு வந்த பயணிகள் கார்களில் இது இடம் பிடித்தது 1962-ல், அமெரிக்காவில். இந்தத் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். எனவே, டர்போ போய் விட்டது என்று யாராவது சொன்னால் நம்பத்தான் தோன்றும்.

ஆனால் சோதிக்காமல் நம்பக் கூடாது. அதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பகுதியில் முப்பது வருடமாக இன்ஜின் வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணன். கம்ப்யூட்டர் வந்த பிறகு அவரிடம் வரும் கார்கள் குறைந்து விட்டன. லேப்டாப்போடு போன என்னைப் பார்த்து, "அதை மூடி வெச்சுட்டு வாங்க தம்பி, மொதல்ல இன்ஜின் உசுரோட இருக்குதான்னு பாப்போம்" என்றார்.

பஞ்சர் கடை வைத்தியம்

முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட். நான்கு பிளக்குகளையும் கழற்றி, பற்றவைக்கும் கரன்ட்டையும் பெட்ரோலையும் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றினோம். கேஜில் வந்த அளவுகள்: 11.5, 11.2, 11.6, 11.3 பார். நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டுமாம். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். "இன்ஜின் நல்லா இருக்குது. இனிமே செலவு பண்ணலாம்" என்றார். நான் 16,600 ரூபாய் செலவு செய்த பிறகு!

அடுத்து டர்போ. இன்ஜின் நன்றாக ஆறிய பின் காற்றுக் குழாயைக் கழற்றி, சக்கரத்தை விரலால் சுற்றினார். தடையில்லாமல் சுற்றியது. தண்டை மேலும் கீழும் அசைத்தால் துளி அசைவு இருந்தது. பயந்து போனேன். ஆயில் படலத்தில் மிதக்கும் தண்டு அது, அந்த அளவு அசைவு சகஜம் என்றார். முன்னும் பின்னும் இழுத்தால் கைக்கு அசைவு தெரியக் கூடாது. சக்கரம் சுற்றுக்கூட்டில் உரசிய தடம் இருக்கக் கூடாது. குழாயில் ஆயில் தேங்கியிருக்கக் கூடாது. சைலன்சரில் நீலப்புகை வரக் கூடாது. எங்கள் டர்போவில் இந்தக் குறை எதுவும் இல்லை.

"அப்பறம் எங்கண்ணா கோளாறு?" என்றேன்.

"சைக்கிள் டியூப்புல ஓட்டையை எப்படித் தம்பி கண்டுபிடிப்பாங்க? அதே வைத்தியந்தான்" என்று சிரித்தார்.

டர்போவின் வாய்க்கு ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டு, அதில் டயர் வால்வைப் பொருத்தினார். ஆயில் சீல்களுக்கு அழுத்தம் போகாதபடி பிரீதர் வழியைத் தனியே அடைத்தார். பிறகு அரை பார் அளவுக்கு, அதாவது சுமார் 7 பிஎஸ்ஐ மட்டும் காற்று ஏற்றினார். அதற்கு மேல் போனால் நல்ல குழாயும் கழன்று தெறிக்குமாம். ஒவ்வொரு குழாயின் மீதும் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார்.

இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கண்ணுக்கே தெரியாத இடத்தில், பிரீதருக்குப் போகும் ஒரு சிறிய ரப்பர் குழாயில் நுரை பொங்கியது. அடிப்பக்கம் விரல் நீளத்திற்கு வெடித்திருந்தது. இருபது வருடச் சூட்டிலும் ஆயிலிலும் ரப்பர் ஊறி மக்கிப் போயிருந்தது. புதுக் குழாயும் இரண்டு கிளாம்புகளும் சேர்த்து 640 ரூபாய்.

அந்த ஓட்டை செய்த வேலை

ஒரே ஓட்டை எப்படி நேரெதிரான இரண்டு தொல்லைகளைத் தந்தது? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

இன்ஜின் ஐடிலில் ஓடும்போது மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் போன்ற உறிஞ்சல் இருக்கும். அப்போது ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். இந்தக் காற்று ஏர் ஃப்ளோ சென்சாரைத் தாண்டி வரவில்லை. கணக்கில் வராத காற்று. கம்ப்யூட்டர் தான் அளந்த காற்றுக்கு மட்டும் பெட்ரோல் விடுகிறது. 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்பது கணக்கு. காற்று கூடியதால் பெட்ரோல் பற்றவில்லை. ஆக்சிஜன் சென்சார் அதை உண்மையாகவே பார்த்துப் புகார் செய்தது. பி0171!

ஆக்சிலேட்டரை அழுத்தி டர்போ வேலை செய்யத் தொடங்கினால் நிலைமை தலைகீழ். இப்போது மேனிஃபோல்டுக்குள் அழுத்தம். அளந்து உள்ளே விட்ட காற்று அதே ஓட்டை வழியாக வெளியே ஓடுகிறது. கம்ப்யூட்டரோ எல்லாக் காற்றும் உள்ளே வந்ததாக நினைத்து முழுப் பெட்ரோலையும் விடுகிறது. எனவே கரும்புகை, எனவே இழுவை இல்லை.

ஆக, ஆக்சிஜன் சென்சார் பொய் சொல்லவில்லை. செய்தி கொண்டு வந்த தபால்காரரை நான் 7,200 ரூபாய் செலவழித்து வீட்டுக்கு அனுப்பி விட்டேன்!

என் தப்பு எது?

இதைப் படித்து விட்டு, "பார்த்தீர்களா, கம்ப்யூட்டரால் பிரயோஜனம் இல்லை, பழைய மெக்கானிக்தான் சரி" என்று முடிவு கட்டி விடாதீர்கள். நான் அதை ஒப்புக் கொள்ள மாட்டேன். கம்ப்யூட்டர் முதல் நாளே விடையைச் சொல்லி விட்டது. நான்தான் படிக்கவில்லை.

கோடு பதிவாகும் நொடியில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பதையும் கார் சேமித்து வைக்கும். இதற்கு ஃப்ரீஸ் ஃபிரேம் என்று பெயர். கோடை அழித்தால் இதுவும் அழிந்து விடும். நல்லவேளை, முதல் நாள் ஸ்கிரீன் ஷாட் எடுத்து வைத்திருந்தேன். பிறகு எடுத்துப் பார்த்தால்: வேகம் 0, ஆர்பிஎம் 800, இன்ஜின் சூடு 88 டிகிரி. அதாவது கார் நிற்கும்போது வந்த கோளாறு. நிற்கும்போது மட்டும் பெட்ரோல் குறைகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றுக் கசிவைத்தான். சென்சாரின் விலையைத் தேடுவதற்கு முன் இந்த ஒரு பக்கத்தைப் படித்திருந்தால் போதும்.

'ஃபியூவல் ட்ரிம்' என்ற எண்ணும் அங்கேயே இருந்தது. கலவையைச் சரிக்கட்ட கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதைக் காட்டும் எண் இது. ஐடிலில் +22 சதவீதம் இருந்தது. சாலையில் சீராக ஓடும்போது +5-க்கு இறங்கியது. ஐடிலில் அதிகம், வேகத்தில் குறைவு என்றால் காற்றுக் கசிவு. மாறாக, பாரம் ஏற ஏற இந்த எண்ணும் ஏறினால் பெட்ரோல் ஃபில்டர், பம்ப், அல்லது குறைத்து அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் பக்கம் போக வேண்டும். குழாய் மாற்றிய பிறகு ஐடிலில் +3. நண்பர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் பதிவு செய்தேன். முன்பு கம்ப்யூட்டர் 1600 மில்லிபார் கேட்டால் டர்போவிடமிருந்து 1250 தான் வந்தது. இப்போது 1580 வந்தது.

இதில் புதியவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். இன்ஜின் ஓடாதபோதே பூஸ்ட் 960 மில்லிபார் என்று காட்டும். அது டர்போவின் அழுத்தம் அல்ல; கோவையின் காற்றழுத்தம். கடல் மட்டத்தில் உள்ள சென்னையில் இது 1010-ஐ ஒட்டி இருக்கும். அதைக் கழித்தால் வருவதுதான் டர்போ தருவது.

மூன்று மாதம் கழித்து இன்னொரு கோளாறு. சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்தது, மைலேஜும் குறைந்தது. இந்த முறை கோடு எதுவும் இல்லை. மெக்கானிக் அண்ணனுக்கும் பிடிபடவில்லை. நான் லேப்டாப்பைத் திறந்து லைவ் டேட்டாவைப் பார்த்தேன். டாஷ்போர்டு முள் 90 டிகிரி காட்ட, இன்ஜின் கம்ப்யூட்டர் 45 டிகிரி என்று நினைத்துக் கொண்டிருந்தது. அந்தக் காரில் ஒரே கூட்டுக்குள் இரண்டு சென்சார்கள். ஒன்று முள்ளுக்கு, மற்றது கம்ப்யூட்டருக்கு. இரண்டாவது கெட்டிருந்தது. 45 டிகிரி என்பது நம்பக் கூடிய எண் என்பதால் கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வரவில்லை, கோடும் போடவில்லை. ஒயர் அறுந்து -40 டிகிரி என்று காட்டியிருந்தால் உடனே கண்டுபிடித்திருக்கும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுமுன் சாவியை மட்டும் போட்டு இன்ஜின் சூட்டையும் உள்ளே வரும் காற்றின் சூட்டையும் பாருங்கள். இரண்டும் அன்றைய வெயிலுக்கு ஒத்துப் போக வேண்டும். இன்ஜின் சூடேறிய பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

அன்று மெக்கானிக் அண்ணன் லேப்டாப்பை மூடச் சொல்லவில்லை. "இந்த ஒயர் எங்க தம்பி கிடைக்கும்?" என்று கேட்டார்.

உங்கள் கம்ப்யூட்டருக்கும் இதேதான்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் எர்ரர் மெசேஜைப் பார்த்ததும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். படிக்காமலே ஓகே பட்டனை அழுத்துகிறார்கள். அல்லது அதில் வரும் முதல் பெயரைப் பார்த்து அந்தப் பாகத்தையே மாற்றுகிறார்கள். ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை என்றால் டிஸ்க் போய் விட்டது என்று பொருள் இல்லை. சாட்டா கேபிள் தளர்ந்திருக்கலாம். நீலத்திரை வந்தால் மதர்போர்டு போய் விட்டது என்று பொருள் இல்லை. ராமைக் கழற்றித் துடைத்து மாட்டினாலே சரியாகலாம். "ஃபார்மட் போட்டுடலாம் சார்" என்பதும் "டர்போ போயிடுச்சு சார்" என்பதும் என்னைப் பொறுத்தவரை ஒரே ஜாதி வாக்கியங்கள். எங்கே வலிக்கிறது என்றுதான் எர்ரர் மெசேஜ் சொல்லும். எங்கே அடிபட்டது என்று நாம்தான் தேட வேண்டும்.

எனவே என் யோசனைகள் இவை:

1. மெசேஜை முழுதாக எழுதி வையுங்கள், அல்லது ஸ்கிரீன் ஷாட் எடுங்கள். அதன் பிறகே அழியுங்கள்.

2. எப்போது வருகிறது என்று குறியுங்கள். ஆன் செய்ததுமா, சூடான பிறகா, குறிப்பிட்ட சாஃப்ட்வேரைத் திறக்கும்போதா?

3. செலவில்லாத சோதனைகளை முதலில் செய்யுங்கள். கேபிள், கிளாம்பு, ஃபியூஸ் ஆகியவற்றைப் பார்த்த பிறகு கடைக்குப் போங்கள்.

4. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது சரி செய்தது என்று கடைசி வரை தெரியாது.

5. பெரிய பாகம் போய் விட்டது என்று யாராவது சொன்னால், "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். சோதித்தவர் விளக்குவார். சோதிக்காதவர் கோபப்படுவார்.

ஐந்தாவது யோசனைதான் முக்கியமானது என்பேன். அந்தக் கேள்வியை நான் கேட்காமல் இருந்திருந்தால், நல்ல டர்போவை எறிந்து விட்டு 92,000 ரூபாய்க்குப் புதிது மாட்டி, அதே ஓட்டைக் குழாயோடு வீட்டுக்கு வந்திருப்பேன்.

போன மாதம் பெரியம்மாவை அந்தக் காரில் மருதமலைக்குக் கூட்டிப் போனேன். மலைப்பாதை வளைவில் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் வண்டி விசில் சத்தத்தோடு இழுத்துக் கொண்டு ஏறியது. "உங்க பெரியப்பா ஓட்டறப்ப இந்தச் சத்தம் கேக்கும்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு நிமிடம் இன்ஜினை ஐடிலில் ஓட விட்டு, டர்போவை ஆற வைத்துப் பிறகு ஆஃப் செய்தேன். சூடான டர்போவுக்கு அந்த ஒரு நிமிடம் ஆயில் ஓட்டம் கிடைத்தால் நல்லது. இதுவும் மெக்கானிக் அண்ணன் சொல்லிக் கொடுத்ததுதான்.